கடி எதுவும் இல்லை

எனக்கு வாய் அதிகம் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில் இருக்கிற நடுத்தரமான ஆஸ்பத்திரி. அதில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பதினோரு வருடமாக மைக்ராஸ்கோப் பார்க்கிறேன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துணுக்கு பார்மலின் டப்பாவில் மிதந்துகொண்டு வரும். அதை மெழுகில் புதைத்து, அப்பளத்தைவிட மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டித் தருவார் எங்கள் டெக்னீஷியன். அது புற்றா, இல்லையா, இல்லை வேறு ஏதாவது விபரீதமா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நோயாளியின் முகத்தை நான் பார்ப்பதே கிடையாது. எனக்கு வருவது மிளகளவு சதையும் ஒரு தாளும்தான்.

சண்டையெல்லாம் அந்தத் தாளால் வருவது. அதில் ஒரு கட்டம் உண்டு. ஆள் என்ன வேலை பார்க்கிறார், கட்டி எத்தனை நாளாக இருக்கிறது, காயம் பட்டதா, எதுவும் கடித்ததா, என்ன மருந்து சாப்பிட்டார் என்றெல்லாம் எழுத வேண்டிய கட்டம். டாக்டர்கள் அதைக் காலியாக விட்டு அனுப்புவார்கள். தோலில் வருகிற கட்டிகளோ வேஷம் போடுவதில் கெட்டிக்காரர்கள். புற்று மாதிரியே இருக்கும், புற்றாக இருக்காது. பரம சாதுவாகத் தெரியும், ஆளைத் தின்றுவிடும். ஒரு விவரமும் தராமல் சதையை மட்டும் பார்த்துச் சொல் என்றால் எப்படி? நான் என்ன குடுகுடுப்பைக்காரியா?

ஒரு முறை மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு விரல் கட்டி வந்தது. மூன்றே வாரத்தில் சிவந்து வீங்கிய கட்டி. விரலை எடுக்க வேண்டி வருமா என்று சர்ஜன் கேட்டிருந்தார். கட்டம் காலி. ஸ்லைடைப் பார்த்தேன், செல்கள் ஊதிப்போய்க் கோணல்மாணலாகக் கிடந்தன. போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "அந்த ஆளு என்ன வேலை செய்யறாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" கேட்கவில்லை. கேட்டுச் சொன்னார். பத்து மாடு வைத்துக் கறக்கிறவர், ஒரு மாட்டின் மடியில் புண் இருந்திருக்கிறது. மாட்டுக் காம்பிலிருந்து கறக்கிறவன் விரலுக்குத் தாவுகிற ஒரு வைரஸ் உண்டு. ஒன்றும் செய்ய வேண்டாம், தானாக உதிர்ந்துவிடும். விரல் தப்பியது. அதற்குப் பிறகு எங்கள் டெக்னீஷியன், "ஏனுங்க மேடம், தாளு காலியா வந்திருக்குதுங்க" என்று சொல்லும்போதே இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். என் கதையும் அதுதான்.

போன ஜூலையில் என் அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தாள். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள், முப்பத்துமூன்று வருடமாக. மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறி வந்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் பையை வைத்தவள், தண்ணீர்கூடக் கேட்காமல் சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள்.

"இத என்னன்னு பாருட்டி. நாலு மாசமா இருக்கு. எஸ்டேட் டிஸ்பென்சரில களிம்பு களிம்பா குடுத்துப் பாத்துட்டாவ."

இடது காலில் மூன்று கட்டிகள். கணுக்காலுக்கு மேலே இரண்டு, கெண்டைச் சதையில் ஒன்று. பாதிக் கொட்டைப்பாக்கு அளவில், செம்பழுப்பு நிறத்தில், தொட்டால் ரப்பர் மாதிரி. வலி இல்லை, அரிப்பு உண்டு என்றாள். "நாலு மாசம் என்ன பண்ணிட்டிருந்த? எனக்கு போன் பண்ணினா விரல் தேஞ்சிருமா?" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவளுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே சேலையை இறக்கிவிட்டாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வரிசை வீட்டை நாங்கள் லயம் என்போம். குடும்பத்தில் ஒருவர் பேராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் லயத்தில் இருக்கலாம், இல்லாவிட்டால் சட்டிபானையோடு மலையிறங்க வேண்டியதுதான். அப்பா செத்தபோது அம்மாவுக்கு இளைப்பு, பேர் பதிய முடியாது. அக்கா பத்தாம் வகுப்பை விட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டாள். அப்படித் தக்கவைத்த வீட்டில் உட்கார்ந்துதான் நான் படித்தேன், டாக்டர் ஆனேன். இன்றைக்கு அவளுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள், கோயம்புத்தூரில் நர்சிங் கடைசி வருடம். லீவுக்கு அந்தப் பெண் வந்து பையை இறக்கி வைக்கிற ஒரே இடம் அந்த லயம்தான்.

அக்காவுக்கு மருத்துவ லீவு மாதக் கடைசிவரை. அதற்குள் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் டிஸ்பென்சரியில் கொடுக்க வேண்டும். வேலைக்குத் தகுதி என்று அதைப் பார்த்து அவர்கள் எழுதினால் அன்றைக்கே கூடை எடுக்கலாம். தகுதி இல்லை என்று எழுதினால்?

"எதிர் லயத்து அத்தை கை வீங்குதுன்னு போனா. முடியாதுன்னு எழுதிட்டாவ. மூணு மாசந்தான், சாவிய வாங்கிட்டாவ" என்றாள் அக்கா. "அதனால நல்லாப் பாத்து எழுது. உன் கையிலதான் இருக்கு."

தோல் டாக்டர் எங்களிடம் வாரத்தில் இரண்டு நாள் வருவார். செவ்வாய்க்கிழமை ஒரு கட்டியிலிருந்து சதை எடுத்தார். மத்தியானம் டப்பாவும் தாளும் என் மேஜைக்கு வந்தன. கட்டத்தில், 'கட்டிகள், நான்கு மாதம்' என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இது என் அக்கா. அவளுக்கு எப்போது பல் விழுந்தது, அவள் எப்போது பூப்பெய்தினாள் என்பதுவரை எனக்குத் தெரியும். அவளைப் பற்றி இன்னொருத்தரிடம் கேட்க வேண்டுமா? நானே பேனாவை எடுத்து நிரப்பினேன். வேலை: தேயிலை பறிப்பு. காயம்: இல்லை. மருந்து: இல்லை. கடி: எதுவும் இல்லை.

சொந்த அக்காவின் சதையை நான் பார்க்கக் கூடாது. அது முறையில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் பார்க்க வேறு ஆளும் இல்லை.

"ஏனுங்க மேடம், அக்காவுதுங்களா?" என்று கேட்டார் டெக்னீஷியன், ஸ்லைடுகளை நீட்டியபடி. நான் ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டேன். "சாயம் நல்லா புடிச்சிருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். நல்ல மனுஷன்.

லென்சில் கண் வைத்தேன். மேல்தோல் நன்றாக இருந்தது. அதற்குக் கீழேதான், கேழ்வரகைக் கொட்டினாற்போல் நீல நிற அணுக்கள் அப்பிக் கிடந்தன. இடைவெளியே இல்லை. லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்று அபூர்வமாகத் தோலிலேயே தொடங்கும். பதினோரு வருடத்தில் நான் இரண்டோ மூன்றோ பார்த்திருக்கிறேன். அவையும் இப்படித்தான் இருந்தன. தோல் ஏதோ ஒன்றின்மேல் கோபப்பட்டு அணுக்களைத் திரட்டினாலும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். ஆனால் கோபப்பட ஒரு காரணம் வேண்டுமே? கட்டத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து. எதுவும் இல்லை, எதுவும் இல்லை.

மாதாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஸ்லைடுகளையும் தாளின் நகலையும் இரண்டாவது கருத்துக்காகப் பெரிய நகரத்தில் இருக்கும் ஒரு தோல் நோய்க்கூறு டாக்டருக்கு அனுப்பினேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், இந்த வேலையில் புலி. நான்காம் நாள் போன் செய்தாள். புற்றின் பக்கம்தான் சாய்கிறது என்றாள். கடி, மருந்து, காயம் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் எதிர்வினை என்று சொல்லத் துணியவில்லை, கூடுதல் சோதனைகள் செய்தால் உறுதியாகத் தெரியும் என்றாள். அதற்கு நாள் ஆகும். செய்யுங்கள் என்றேன்.

அதற்கப்புறம் நான் குவார்ட்டர்ஸுக்குப் போகவே பயந்தேன். ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. அதற்குள் ஐம்பதை எட்டப்போகிற இரண்டு பொம்பளைகள். வெளியே கணவாய்க் காற்று தென்னை மட்டைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே புழுக்கம். மலைக்குளிரில் வளர்ந்தவள் அக்கா, நாள் முழுக்க ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். பாத்திரங்களைத் தேய்த்ததையே மறுபடி தேய்த்து வைத்தாள். "கை சும்மா இருக்க மாட்டேங்கு" என்று கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்தால் இலை இலையாகக் கிள்ளி அடுக்கினாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிப் பழகிய விரல்கள். நான் நுழைந்ததும் தலையைத் தூக்குவாள்.

"வந்துச்சா?"

"சாயம் காயல."

"சாயம் காய ஒரு வாரமா? சேலைக்குப் போடுற சாயமே ஒரு நாள்ல காஞ்சிருமே."

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? பேசாம இரு!"

எத்தனையோ பேருக்குப் புற்று என்று எழுதியிருக்கிறேன். எழுதி உறையில் போட்டு அனுப்பியதும் என் வேலை முடிந்தது, சாப்பிடப் போய்விடுவேன். உறையைப் பிரிக்கிற ஆளோடு ஒரே அறையில் படுத்து எழுந்ததில்லை. சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலும் முடியவில்லை. புற்று என்றால் அவள் கால் போகாது, உயிர்கூட உடனே போகாது. ஆனால் சிகிச்சை, அலைச்சல், தகுதியில்லை என்ற முத்திரை, சாவி. அவள் முப்பத்துமூன்று வருடம் தாங்கிப் பிடித்த கூரை என் ஒரு கையெழுத்தில் போய்விடும். ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓட?

சதை எடுத்த எட்டாம் நாள் காலை. விடிய ஒரு தூறல் போட்டிருந்தது, எங்கள் பக்கம் அதுவே அதிசயம். நான் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றுகொண்டே இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தேன். அக்கா பின்பக்கம் வாய்க்கால் ஓரப் புல்லில் நடந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள். உள்ளே வரவில்லை. பின்வாசல் படியில் நின்று, இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கி, வலது கை விரலைக் கால்விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக விட்டு எடுத்தாள். கணுக்காலைச் சுற்றித் தடவினாள். கெண்டைச் சதை, முழங்கால் மடிப்பு. பிறகு மற்றக் கால்.

வாயில் இட்லியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தத் தடவலை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் ஒருவரும் அப்படித் தடவாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தடவியிருக்கிறேன். பாயில் ரத்தம் ஆகிவிட்டால் அம்மா உரித்துவிடுவாள்.

"என்ன தேடுத?" என்றேன். என் வாயிலிருந்து எஸ்டேட் பேச்சு தானாக வந்தது.

"என்னத்த தேட? பழக்கம். இந்த ஊர்ல ஏது அட்டை?"

"அக்கா. உனக்கு இந்த வருசம் அட்டை கடிச்சுதா?"

இந்த வருசம் மழை பெய்ததா என்று கேட்ட மாதிரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? அட்டை எப்ப கடிக்கல?"

"அந்தக் கட்டி இருக்குற இடத்துல கடிச்சுதா?"

"அங்கதாம்லா கடிக்கும். சாக்ஸ் அங்கதான கிழிஞ்சிருக்கு. போன மழையில கடிச்ச கடி ஆறவே இல்ல, சொறிஞ்சுக்கிட்டே கெடந்தேன்."

"உப்பு வைக்கலியா?"

"கொழுந்து நிறை போடுற நேரத்துல உப்புக்கு எவ நிப்பா? நகத்தால பிச்சு எறிஞ்சுட்டு ஓட வேண்டியதுதான்."

"இத ஏன் டாக்டர்ட்ட சொல்லல?" என்று கத்தினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அவரு கேக்கவே இல்ல. கேட்டாலும் அட்டையப் போயி யாரு சொல்லுவா? டாக்டர்ட்ட போயி, அய்யா நான் மழையில நனைஞ்சேன்னு சொல்லுவாளா ஒருத்தி?" அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, நீ கேட்டியாட்டி?"

நான் கேட்கவில்லை. அவள் அதைக் கடி என்று எண்ணவில்லை, சரி. பதினெட்டு வயதுவரை அதே லயத்தில் வளர்ந்து, அதே அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்த நானும் எண்ணவில்லையே! பட்டணத்துக்காரி எவளாவது அந்தத் தாளை நிரப்பியிருந்தால் மலை, மழை, தேயிலை என்றதும் அட்டை உண்டா என்று முதலில் கேட்டிருப்பாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நிரப்பியதால் வந்த வினை. இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு ஓடினேன்.

அட்டையைப் பிய்த்து எறிந்தால் அதன் வாயிலிருந்து ஏதாவது உள்ளே தங்கிவிடலாம். தங்கினாலும் தங்காவிட்டாலும் அதன் எச்சிலை உடம்பு மறப்பதில்லை. சிலருக்கு அந்தக் கோபம் மாதக்கணக்கில் ஆறாமல் கட்டியாகத் திரளும். நாங்கள் அதைப் போலிப் புற்று என்போம். மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னேன். இம்முறை கண்ணும் வேறு மாதிரி பார்த்தது. நீலக் கேழ்வரகுக்கு நடுவே கடிக்கும் ஒவ்வாமைக்கும் வருகிற, சிவப்புச் சாயம் பிடிக்கும் வெள்ளணுக்கள் சிதறிக் கிடந்தன. முதல் நாளே அவை இருந்தன. 'கடி எதுவும் இல்லை' என்று எழுதியவள் அவற்றைக் கண்டும் கணக்கில் எடுக்கவில்லை.

இளைய டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். மெதுவாகக் கேட்டாள்: "மேடம், அந்தக் கட்டத்தை யார் நிரப்பியது?"

நான்தான் என்றேன். மீனாட்சிபுரத்து விரலுக்காக நான் சர்ஜனைத் திட்டியதில் கால்வாசி என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

கூடுதல் சோதனைகளின் முடிவு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. அணுக்கள் பல வகையாகக் கலந்திருந்தன, ஒரே அணுவிலிருந்து பெருகிய கூட்டம் அல்ல. புற்றுக்கான சான்று இல்லை. அட்டைக்கடிக்குப் பின் வந்த எதிர்வினை என்றே கொள்ளலாம் என்று அவளும் எழுதியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டெக்னீஷியன் வெளியே நின்று, "சித்த நேரம் இருந்து வாங்க மேடம், நான் பாத்துக்கறேனுங்க" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் போனேன். கையெழுத்துப் போடாத நகல். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "வாசி. இங்கிலீசுல வாசிச்சு ஏமாத்தாத, தமிழ்ல சொல்லு" என்றாள்.

சொன்னேன். புற்று இல்லை என்றதும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து நானும் கலங்கினேன். ஊசி போட்டால் கட்டி வற்றிவிடும் என்றேன். தலையாட்டினாள்.

"கடைசியில இன்னொரு வரி இருக்கே, அது என்ன?"

"இனிமே அட்டைக்கடி படவே கூடாது. பட்டா திரும்ப வரும். திரும்பத் திரும்ப வந்தா, நெசமாவே புத்தா மாறாதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது."

"இத டிஸ்பென்சரில படிப்பாவளா?"

"படிக்கணும்னுதான எழுதிருக்கேன்!"

"படிச்சுட்டு?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "மலையில அட்டை இல்லாத எடம் எது, சொல்லு. ஆபீஸ் நாற்காலி. அத எனக்குத் தருவாவளா? தேயிலைக்குள்ள எறங்கக் கூடாதுன்னா, வேலைக்கு ஆகாதுன்னு ஒரே வரியில எழுதி முடிச்சிருவாவ. அந்த வரிய எடுத்துரு."

"எடுக்க மாட்டேன்."

"எடு."

"நான் டாக்டர்க்கா. தெரிஞ்சத எழுதாம விட முடியாது. விட்டா அது தப்பு." பிறகு, எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "வேலைய விட்டுட்டு இங்க வந்துரு. எங்கூட இரு. உன் மகளும் வரட்டும்."

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், ஸ்டவ், கொடியில் தொங்கும் என் வெள்ளைக் கோட்டு. "இது உன் வீடா?"

"ஆஸ்பத்திரி வீடு."

"நாளைக்கு வேலை இல்லன்னா?"

நான் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தேன்.

"நீயும் லயத்துலதாம்ட்டி இருக்க. உன் லயத்துல ஃபேன் ஓடுது, அவ்வளவுதான்." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கென்று ஓர் ஓட்டுக் கூரைகூட இல்லை. நான் அவளை எங்கே இருத்துவது? "எம்மவ படிப்ப முடிச்சு, ஒரு எடத்துல வேலைக்குச் சேந்து, அவளுக்குன்னு ஒரு வாசல் வரட்டும். அதுவரைக்கும் எனக்கு அந்தக் கதவு வேணும். ஒரு வருசமோ, ரெண்டு வருசமோ. சாக்ஸ் புதுசு வாங்கிப் போட்டுக்குதேன். உப்பு வைக்கேன். போதுமா?"

"அட்டை உன் சாக்ஸக் கேட்டுட்டா ஏறும்?"

"கத்தாத. போயி எடுத்துட்டு வா. சாயங்கால பஸ்ஸ விட்டா நாளைக்குக் காலைல மஸ்டர்ல பேரு குடுக்க முடியாது."

லேபுக்குத் திரும்பினேன். கம்ப்யூட்டரில் அந்தக் கடைசி வரி இருந்தது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஸ்லைடில் கண்டது. அதைத் தொட மாட்டேன், யார் சொன்னாலும். இந்த வரி மட்டும் ஆலோசனை, எழுதியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நேரில் சொல்லியாகிவிட்டதே. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. வேறு யாராவது இந்த வரியை விட்டு அனுப்பியிருந்தால் போனில் பிடித்துக் கிழித்திருப்பேன். வரியை வைத்தால் அவளைத் தெருவில் நிறுத்துவேன். எடுத்தால் அட்டைக்குக் கொடுப்பேன். ஏறக்குறைய அரை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"பிரிண்ட் போட்டரலாங்களா மேடம்?" என்று கேட்டார் டெக்னீஷியன். வரியை அழித்தேன். போடுங்க என்றேன்.

கையெழுத்துப் போடும்போது அக்காவே லேப் வாசலுக்கு வந்துவிட்டாள், பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. பேனா தாளில் நகரவில்லை. அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி நடுங்குது? அப்பா செத்த வாரம் எம்பேரப் பதிய கங்காணி தாளக் கொண்டாந்தப்போ யாரு எழுதுனா? லயத்துலயே அழகா எழுதுறவ நீதான்னு உங்கிட்டதான குடுத்தாவ. என் வயசு பதினாற பதினெட்டுன்னு எழுதுன. அப்ப இந்தக் கை நடுங்கவே இல்ல."

கேலியாகத்தான் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் உறையை வாங்கி ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், கூடை எடுத்தாச்சு, மழை ஊத்துகிறது என்று போன் செய்தாள்.

பதினாறைப் பதினெட்டாக்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியாது.